காத்துப் பார்த்தல்

சாயங்காலம் ஆறே முக்கால்.
சாத்தையா கண் திறந்துவிட்டார்.
விரலைப் பிடியுங்கள் என்றால் நசுக்குகிறார்.
"எடுத்துடலாமே குழாயை,"
திருச்சிக்குக் காரேறும் அவசரத்தில் சர்ஜன்.
படத்தில் தட்டும் திருகும்
பிடரிக்குக் கீழே ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.
படத்தில் விழாதது தொண்டை.
ஐந்து மணி நேரம் அதை ஒரு பக்கமாக
இழுத்துப் பிடித்திருந்தது கொக்கி.
வீக்கம் உடனே வராது.
ஊர் அடங்கிய பிறகு வரும்,
சாவி வைத்திருக்கும் சொந்தக்காரனைப் போல,
கதவைத் தட்டாமல்.

இன்றைக்கு இல்லை என்றேன்.

மானகிரி ரோட்டில் பஞ்சர் கடை.
லாரிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது
வளையம் தெறித்துத் தூக்கி எறிந்திருக்கிறது.
அடைக்கி வராந்தாவில் கேட்டாள்:
"மிஷினுக்கு ராத்திரி வாடகை தனியாங்க?"
ஆமாம்.
"எழுந்துட்டாருல்ல, பின்ன எதுக்கு?"

எதுக்கு.
ஏழு வருஷத்துக்கு முன் இதே மூன்றாம் கட்டில்.
தேவகோட்டைக்காரி ஒருத்தி.
நன்றாக முழித்தாள். எடுத்தேன். தண்ணீர் கேட்டாள்.
பதினொன்றரைக்குப் பேச்சு மாறியது,
வாயில் கொழுக்கட்டை அடக்கினாற்போல.
கழுத்தை நிமிர்த்தினால்தான் வழி தெரியும்.
கழுத்தையோ நிமிர்த்தக் கூடாது.
உயிர் மிஞ்சியது.
அவள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது,
அவளுக்கு இல்லை.

இதை அடைக்கியிடம் சொல்லவில்லை.
"நாளைக்குப் பகல்ல" என்று மட்டும்.

ஒன்பது மணி. தலைமாட்டை உயர்த்தி, ஊசி போட்டு,
லூர்துமேரி பலூனின் அழுத்தம் பார்த்தாள்,
உள்ளங்கையளவு வட்ட முள்மானியில்.
சாத்தையாவின் புருவம் ஏறியது.
அட்டையில் கோணல் எழுத்தில் எழுதினார்:
எத்தன பாயிண்ட்?
இருபத்தஞ்சு என்றேன். அளவை வேறு என்று சொல்லவில்லை.
சைக்கிளுக்கே பத்தாது, என்று எழுதினார்.

அப்புறம் பலூனை இறக்கிவிட்டு
அவர் வாயருகே என் காதை வைத்தேன்.
டியூபைத் தொட்டியில் அமுக்கிக்
குமிழி தேடுகிற மனுஷன்.
அவருக்குக் கசிவு என்றால் வேலை.
எனக்குக் கசிவுதான் வேண்டும்:
குழாயைச் சுற்றிக் கொஞ்சமாவது இடம் இருக்கிறதென்று
ஒரு 'உஸ்'.

இல்லை.
ஐநூறு அனுப்பினால் நானூற்றுத் தொண்ணூறு திரும்பி வருகிறது.
இந்த ஊரின் பழைய கணக்கர்கள் மெச்சுவார்கள்.
பலூனை மறுபடி ஊதினேன்.

பன்னிரண்டரைக்குக் கரண்டு போனது.
ஜெனரேட்டர் பிடிக்கும் நான்கு நொடியும்
என் நெஞ்சு எழவில்லை, அவருடையது எழுந்தது.
மூன்று மணிக்கு நானூற்றி இருபது.
காதில் ஏதோ கேட்டது;
ஏசிச் சத்தமாகவும் இருக்கலாம்.
கேட்க ஆசைப்படும்போது எல்லாமே கேட்கும்.
குறித்துக்கொள்ளவில்லை.

விடிகாலைச் சென்னை வண்டி ஊதிக் கிளம்பியபோது
முன்னூற்றுப் பத்து.
லூர்துமேரிக்குக் கட்டிலின் அந்தப் பக்கமே கேட்டுவிட்டது.
"மேடம், சீறுது!"

அப்போதும் எடுக்கவில்லை.
எடுக்க ஒரு கை போதும்.
எடுத்த பிறகுதான் ஆள் வேண்டும்:
சர்ஜன் திரும்பி வர,
தொண்டை டாக்டர் வர,
கத்தித் தட்டு திறந்து பக்கத்தில் இருக்க,
வெளிச்சம் இருக்க.
அடைக்கி கண்ணாடிக்கு வெளியே
என்னை வைகிறாள் என்று உதட்டில் தெரிந்தது.

ஒன்பது பத்து.
உள்ளே ஒரு மெல்லிய வழிக்கம்பியை விட்டுவிட்டுக்
குழாயை மட்டும் உருவினேன்.
போன வழிக்கே திரும்பிப் போக நேர்ந்தால் அது இருக்கட்டும்.
இருமினார். மறுபடி இருமினார்.
நால்வரும் மூச்சைக் கேட்டோம், பேசாமல்.

"லாரி... ஜாக்கியிலயே நிக்குதா?"

குரல் மணலாக இருந்தது. கொழுக்கட்டை இல்லை.
"இறக்கிட்டாங்க," என்றாள் அடைக்கி.
உள்ளே யார் விட்டார்களோ.
பிறகு என் பக்கம் திரும்பி,
"இனி பயமில்லையே?"

சாயங்காலம் சொல்றேன் என்று
நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.